யாகப்பரின் ஜெனரேற்றர்

மே 9, செவ்வாய்

இந்தக் கொப்பி சங்கக் கூட்டங்களை எழுத வாங்கியது. கூட்ட அறிக்கையில் கோபத்தை எழுத இடமில்லை என்பதால் எனக்கே எடுத்துக்கொண்டேன். சங்கத்துக்கு வேறொன்று வாங்கலாம்.

இன்று எங்கள் பெரிய குளிர்பெட்டி வந்து சேர்ந்தது. இறங்குதுறையிலிருந்து சங்கத்துப் பெண்களே கயிறு கட்டி இழுத்து வந்தோம். றெஜினாக்கா தலைவி, நான் செயலாளர். இரண்டு பேரும் தள்ளியதைவிடக் கத்தியதுதான் அதிகம். பெட்டியின் மேல் 'கண்டல்தீவு பெண்கள் நண்டுச் சங்கம்' என்று எழுதி ஒட்டியிருக்கிறோம். பார்க்கப் பார்க்கப் பெருமையாக இருக்கிறது.

பெட்டியை ஏற்றி வந்தது என் வீட்டுக்காரர் சில்வெஸ்ரர் ஓட்டும் ஐஸ் வள்ளம். வள்ளம் அவருடையதல்ல, அக்கரையில் இருக்கும் குலசிங்கம் முதலாளியுடையது. முதலாளி ஐஸ் அனுப்புவார். அவருடைய ஐஸ் எடுத்தவர்கள் நண்டை அவருக்கே, அவர் சொன்ன விலைக்கே கொடுக்க வேண்டும். வேறு யாருடனாவது விலை பேசினால் அடுத்த நாள் ஐஸ் வள்ளத்தின் எஞ்சின் பழுதாகிவிடும். எஞ்சினுக்கு எப்படித்தான் செய்தி போகிறதோ தெரியாது. சில்வெஸ்ரரிடம் நான் அதைக் கேட்பதில்லை. வேலை வேலைதான்.

தீவுக்கென்று இருக்கிற பழைய ஜெனரேற்றர் பின்னேரம் ஆறிலிருந்து பத்து வரைதான் ஓடும். அந்த நாலு மணித்தியாலத்தில் நண்டு உறையாது, வியர்க்கும். ஆனால் அந்தக் காலம் முடியப் போகிறது. காற்றாடி, சோலர் தகடு, பற்றரி எல்லாம் பூட்டி இருபத்துநாலு மணி நேரமும் கரண்ட் தரப்போகிறார்கள். தகடுகளும் பற்றரிகளும் மரப்பெட்டிகளில் வந்து பள்ளிக்கூட மண்டபத்தில் இறங்கிவிட்டன. செய்வது ஒரு தூரத்து நாட்டுக் கொம்பனி. நாட்டின் பெயரை எழுதமாட்டேன். இங்கே பெயர் எழுதிய கடதாசிகள் போகக் கூடாத இடங்களுக்குப் போய்விடும். அவர்களுடைய எஞ்சினியர் மிஸ்ரர் வென் நண்டைக் கையால் உடைத்துச் சாப்பிட்டுவிட்டு, விரலைச் சூப்பிக்கொண்டே "ஓகஸ்ட், கரண்ட்" என்று தமிழில் சொன்னார். நல்ல மனுசன்.

கொழும்பில் பெரிய மீன் வியாபாரி அஸ்லம் நானாவுடனும் கதைத்தாயிற்று. யூலையில் எங்கள் கோயில் யாகப்பர் திருநாள் நேரம் வந்து பார்ப்பாராம். நண்டு கல்லுப்போல உறைந்திருந்தால் ஓகஸ்டிலிருந்து எல்லாவற்றையும் நேரடியாக எங்களிடமே எடுப்பாராம். நடுவில் முதலாளி இல்லை!

மே 27, சனி

வேலை நின்றுவிட்டது.

காலையில் மிஸ்ரர் வென் பையைத் தூக்கிக்கொண்டு இறங்குதுறைக்கு வந்தார். ஏன் என்று கேட்டால் கையை விரித்தார். பிறகு தொலைக்காட்சியில்தான் காரணம் தெரிந்தது. எங்கள் தீவிலிருந்து பக்கத்து நாட்டின் கரை தெரிகிறதாம். அந்தக் கரைக்கு முன்னால் தூரத்து நாட்டுக்காரர் சோலர் பூட்டினால் அவர்களுடைய பாதுகாப்புக்கு ஆபத்தாம். எங்கள் அரசாங்கம் இரண்டு பக்கத்திலும் கடன் வாங்கியிருக்கிறது. யாருடைய முகம் கூடுதலாகக் கறுத்திருக்கிறதோ அவர்களுக்குப் பயந்து வேலையை நிறுத்திவிட்டது.

கோட் போட்ட ஒரு நிபுணர் எங்கள் தீவைப் படத்தில் ஒரு புள்ளியாகக் காட்டி அரைமணி நேரம் பேசினார். கடல்பாதை என்றார், செல்வாக்கு என்றார், சமநிலை என்றார். தீவின் பெயரைப் பிழையாகச் சொன்னார். அந்தப் புள்ளிக்குள் நாங்கள் இருக்கிறோம் என்று அவருக்கு யாராவது சொன்னார்களா தெரியாது.

றெஜினாக்காவுக்கு வந்த கோபத்தில் நண்டு கழுவிய தண்ணீரை வாசலிலேயே ஊற்றினா.

"என்ன ஆபத்தடி யூஜினி? சோலர் தகட்டுக்குக் கண் இருக்கே? அதில இருந்து என்னத்தைப் பாக்கப் போறாங்கள், நாங்கள் நண்டு உடைக்கிறதையே?"

"ஓமக்கா, நண்டுதான் பாதுகாப்பு ரகசியம்."

"பகிடி விடாத. எனக்குப் பத்தி எரியுது."

எனக்கும்தான். மண்டபத்துப் பெட்டிகளுக்கு முத்திரை ஒட்டி, ஒரு காவல்காரரையும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஓய்வு பெற்ற தபால்காரர் செபமாலை அண்ணைதான் காவல். ஒரு நாற்காலி, ஒரு வெற்றிலைப் பெட்டி, ஒரு விசில். பிள்ளைகள் இனி மரத்துக்குக் கீழே இருந்து படிக்க வேண்டும்.

யூன் 14, புதன்

பக்கத்து நாட்டுக்காரர் வந்துபோனார்கள். வழக்கம்போலச் சாப்பாட்டுப் பொறுப்பு சங்கத்துக்கு. பிரதேச செயலகத்திலிருந்து சொல்லி அனுப்பினால் நாங்கள் சமைக்க வேண்டும். யார் வந்தாலும் நண்டுக்கறிதான். பூகோள அரசியல் எங்கள் சட்டியில் வேகிறது.

அதிகாரி இளம் ஆள், பெயர் முகுந்தன். எங்கள் தமிழ் அல்ல, ஆனாலும் தமிழ்தான். கதைக்க ஆசையாக இருந்தது.

"அக்கா, நாம எல்லாம் ஒரே ரத்தம். அவங்க கடன் குடுத்துதானே பண்றாங்க? நாங்க இலவசமாவே பண்ணித் தர்றோம். இதைவிடப் பெருசா."

"எப்ப தம்பி?"

"அதுக்கு ஒரு நடைமுறை இருக்குக்கா. ஆய்வு பண்ணணும், டெண்டர் விடணும். ரெண்டு வருஷம், மூணு வருஷம்..."

"அதுவரைக்கும் அந்த மண்டபத்தில கிடக்கிறதைப் பூட்டட்டும். நீங்கள் பெரிசாத் தரேக்க கழட்டுவம்."

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பில்லை. பிள்ளை நிலா கேட்டால் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு. "அது முடியாதுக்கா. அது பெரிய இடத்து விஷயம்" என்றார்.

ஒரே ரத்தம் என்று சொல்லி வாய் மூடவில்லை, நான் சின்ன இடம் ஆகிவிட்டேன். இன்னும் கொஞ்சம் நண்டு போடட்டுமா என்று கேட்டேன். போட்டேன். என்ன செய்வது, சாப்பாட்டு மேசையில் வைத்து விருந்தாளியைத் திட்டும் பழக்கம் எங்களுக்கு இல்லை. புறப்படுமுன் இறங்குதுறையில் பெரிய பதாகை ஒன்றைப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். அதில் ஒளிமயமான எதிர்காலம் என்று எழுதியிருந்தது.

யூன் 15, வியாழன்

நேற்றுச் சமைத்தது போக மிஞ்சிய நண்டு முழுவதும் நாறிவிட்டது. கடலில் கொட்டினோம்.

யூன் 28, புதன்

நாங்கள் அஸ்லம் நானாவுடன் கதைத்தது அக்கரைக்குத் தெரிந்துவிட்டது. மூன்றாவது நாளாக ஐஸ் வள்ளம் வரவில்லை. எஞ்சின் பழுதாம். பழுதான எஞ்சினை ஓட்டுகிறவர் வீட்டில் இருந்து வலை பொத்துகிறார். எங்கே பழுது என்று நான் கேட்கவில்லை, அவர் சொல்லவுமில்லை. சோறு போட்டேன், சாப்பிட்டார்.

போன வருடம் எண்ணெய்க் கப்பல் வராமல் நாடே றோட்டில் வரிசையாக நின்றது. கொழும்பில் கார் வைத்திருப்பவர்கள் கூடக் காருக்குள் படுத்தார்கள். எண்ணெய் அனுப்பிய நாடுகள் ஒவ்வொரு கப்பலுக்கும் கைகுலுக்கிப் படம் போட்டன. இப்படியும் ஒரு நாட்டை நிற்க வைக்கலாமா என்று எல்லாரும் அதிசயப்பட்டார்கள். எங்களுக்கு அதில் ஒரு புதினமும் இருக்கவில்லை. ஐஸ் வள்ளத்துக்கு நாங்கள் எந்த நாளும் அப்படித்தானே நிற்கிறோம். குழாயின் திருகு ஒருவன் கையில் இருந்தால் போதும், அவன் அடிக்கத் தேவையில்லை, ஏசத் தேவையில்லை. எஞ்சின் பழுது என்று சொன்னால் காணும். முதலாளி சாரம் கட்டுகிறார், அந்த நாடுகள் கோட் போடுகின்றன, அவ்வளவுதான் வித்தியாசம்.

எழுதும்போது பேனை கடதாசியைக் கிழித்துவிட்டது. அவ்வளவு கோபம்.

யூலை 4, செவ்வாய்

திருநாளுக்குக் கோயில் கழுவினோம். பதினாறாம் திகதி கொடி ஏறும். இருபத்தைந்தாம் திகதி யாகப்பர் பெருநாள்.

பின்னறையைத் துடைக்கும்போது காலஞ்சென்ற மனுவலின் எஞ்சினைப் பார்த்தேன். மனுவல் புயலில் தப்பி வந்து தன் வள்ளத்து எஞ்சினை யாகப்பருக்கு நேர்ந்து கொடுத்தவர். அவர் கண்ணை மூடிய பிறகு மகன் வெளிநாட்டிலிருந்து வந்து அதை விற்கக் கேட்டான். ஒரு வள்ளக்காரரும் ஏற்ற மறுத்துவிட்டார்கள். ஒருமுறை யாகப்பருக்கு முன்னால் வைத்து, மாலை போட்டு, பாதர் தீர்த்தம் தெளித்துவிட்டால் அது யாகப்பரின் சாமான். இந்தத் தீவில் பிறந்த ஒருவரும் அதைத் திருப்பிக் கடல் தாண்டிக் கொண்டு போகமாட்டார்கள். கொண்டு போனால் கடல் விடாது என்று பயம். எஞ்சின் அங்கேயே கிடந்து துருப்பிடிக்கிறது. மகன் வெறுங்கையோடு போனான்.

நன்றாகத் துடைத்து வைத்தேன்.

யூலை 6, வியாழன்

முகுந்தன் தம்பி சுகம் விசாரித்து ஃபோன் எடுத்தார். கதையோடு கதையாக, தூரத்து நாட்டுக்காரர் திருநாளுக்குக் கோயில் முழுக்க மின்விளக்குப் போட்டுத் தரலாமோ என்று கதை அடிபடுவதாகச் சொன்னேன். எந்த நாள், எத்தனை விளக்கு என்று உடனே கேட்டார்.

பின்னேரம் கோயில் பாதர் சவேரியான் கேள்விப்பட்டு வந்து கேட்டார். "அவை அப்பிடிக் கேட்டவையே யூஜினி?"

"கேட்டிருக்கலாம் பாதர்."

யூலை 8, சனி

பக்கத்து நாடு திருநாளுக்குப் பெரிய ஜெனரேற்றர் தருகிறதாம்! விளக்குகளும், ஓட டீசலும் சேர்த்து. திருநாள் முடியத் திருப்பி எடுத்துக்கொள்வார்களாம். நல்லெண்ண அடையாளமாம்.

மூன்று வருடம் நடைமுறை வேண்டிய ஆட்களுக்கு இரண்டு நாளில் எப்படி முடிந்தது? மற்றவன் தரப்போகிறான் என்று கேட்டவுடன் முடிந்தது. நாங்கள் இருட்டில் கிடந்ததற்காக ஒருவரும் ஓடி வரவில்லை.

யூலை 16, ஞாயிறு

கொடியேற்றம்.

ஜெனரேற்றர் நேற்றே வந்துவிட்டது. இந்த ஊர் வள்ளங்கள் இரண்டைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை அடித்து, சில்வெஸ்ரரும் மற்ற வள்ளக்காரர்களும் கொண்டு வந்தார்கள். இந்த முருகைக்கல் பாறைக் கடலில் பெரிய படகு கரைக்கு வராது. வழி தெரிந்தவர்கள் எங்கள் ஆட்கள் மட்டும்தான். மெஷினில் அவர்களுடைய கொடி பெரிதாக ஒட்டியிருந்தது.

எங்கே வைப்பது என்று கேட்டார்கள். வயர் கட்டையாக இருப்பதால் கொடிமரத்துக்குப் பக்கத்தில், யாகப்பர் சொரூபம் வைத்த கூட்டுக்கு நேர் முன்னால் வைத்தால் வசதி என்றேன். வயர் உண்மையில் கட்டைதான்.

விடிய வந்து பார்த்தால் அவ்வளவு அலங்காரத்துக்கு நடுவில் அது மட்டும் மொட்டையாக நின்றது. கண்ணுக்கு நன்றாக இல்லை. கையில் ஒரு செவ்வரத்தம்பூ மாலை மிச்சம் இருந்தது.

பாதர் கொடியை ஆசீர்வதித்தார், கொடிமரத்தை ஆசீர்வதித்தார், பிறகு ஜெனரேற்றருக்கு முன்னால் நின்றுவிட்டார். "இதுக்கு ஆர் மாலை போட்டது?" என்று கேட்டார். நான் செபமாலை உருட்டிக்கொண்டிருந்தேன். பாதர் கூட்டத்தைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், தீர்த்தத்தை எடுத்துத் தெளித்தார். ஒரு சொட்டு அல்ல, நன்றாகவே தெளித்தார். முகுந்தன் தம்பி எல்லாவற்றையும் சந்தோஷமாகப் படம் எடுத்தார்.

யூலை 19, புதன்

ஐஸ்!

நாங்களே செய்த ஐஸ். மெஷின் இரவு பகல் ஓடுகிறது. கோயிலிலிருந்து சங்கத்துக்கு ஒரு வயர் இழுத்தோம், பாதரைக் கேட்டுத்தான். காலையில் பெட்டியைத் திறந்தபோது வெள்ளைப் புகை முகத்தில் அடித்தது. உள்ளே நண்டுகள் கல்லுப்போல. றெஜினாக்கா ஒன்றை எடுத்துச் சீமெந்துத் தரையில் தட்டினா. டொக் என்றது. திரும்பத் திரும்பத் தட்டினா.

"இந்தச் சத்தத்தைக் கேக்காமலே செத்துப்போடுவன் எண்டு நினைச்சன்" என்றா. எனக்கு அழுகை வந்துவிட்டது. இவ்வளவுதானே நாங்கள் கேட்டது. இதற்கா இரண்டு நாடுகள் கூடிக் கதைக்க வேண்டும்?

யூலை 22, சனி

அஸ்லம் நானா வந்தார். பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தார், ஒரு நண்டை ஐஸ் கரைய வைத்து மணந்து பார்த்தார்.

"மகள், சாமான் முதல் தரம். ஓகஸ்ட் கடைசிக் கிழமையில் இருந்து எடுக்கிறன். ஆனா ஒண்டு, கரண்ட் நிண்டா என்ர கணக்கும் நிண்டிரும். சாமான் ஏத்துற கப்பல்காரன் காரணம் கேக்க மாட்டான்."

"நிக்காது நானா" என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று தெரியாது.

யூலை 25, செவ்வாய்

பெருநாள். கூடு தீவைச் சுற்றி வந்தது. ஊர் முழுக்க வெளிச்சம். எழுத நேரமில்லை.

யூலை 27, வியாழன்

ஜெனரேற்றரை எடுக்க வந்துவிட்டார்கள். வேறொரு தீவில் வேறொரு விழாவாம்.

இறங்குதுறையில் ஊரே நின்றது. முகுந்தன் தம்பி வள்ளக்காரர் ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டார். ஒருவர் முதுகு பிடிப்பு என்றார். ஒருவர் வலை எடுக்கப் போக வேண்டும் என்றார். மூன்றாவது ஆள்தான் நேரே சொன்னார். "தம்பி, அது இப்ப யாகப்பற்ர சாமான். நாங்கள் ஏத்த மாட்டம்."

"என்னங்க இது? நாங்க குடுத்தது. திருப்பி எடுத்துக்கிறதா எழுதியே இருக்கு."

"எழுதினது உங்களுக்கும் பாதருக்கும். கடலுக்குத் தெரியாது."

பாதரிடம் போனார்கள். பாதர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, ஆசீர்வதித்ததைத் திருப்பி எடுக்கும் செபம் தன் புத்தகத்தில் இல்லை என்றார்.

அப்போதுதான் சில்வெஸ்ரரின் ஃபோன் அடித்தது. முதலாளி. ஃபோனுக்கு வெளியே கேட்கும் குரல் அவருக்கு. "நீ ஏத்து சில்வெஸ்ரர். என்ர வள்ளத்தைக் கொண்டு போய் ஏத்து. இல்லாட்டி நாளைக்கு வள்ளத்தில கால் வைக்காத."

ஊர் எல்லாம் அவரைப் பார்த்தது. நான் மட்டும் பார்க்கவில்லை, கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் ஏற்றியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று இப்போதும் தெரியவில்லை.

அவர் ஃபோனைச் சட்டைப் பைக்குள் வைத்தார். வள்ளத்துத் திறப்பை எடுத்து, கூட்டத்தில் நின்ற முதலாளியின் கணக்கப்பிள்ளை கையில் வைத்தார். பிறகு என்னிடம் வந்து, "இஞ்சேர், வீட்ட போவம். பசிக்குது" என்றார். அவ்வளவுதான்.

பக்கத்து நாட்டுக்காரர் ஆளை ஆள் பார்த்துக்கொண்டார்கள். கோயில் மெஷினைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள் என்று பேப்பரில் வந்தால் நல்லெண்ணம் என்ன ஆகும்? வந்த படகில் திரும்பிப் போனார்கள்.

இன்று பெரிய மீனாகப் பார்த்துப் பொரித்தேன். அவருக்கு இரண்டு துண்டு.

ஓகஸ்ட் 1, செவ்வாய்

டீசல் முடிந்துவிட்டது.

மெஷின் எங்களுடையது, கொடி ஒட்டிய மாதிரியே நிற்கிறது. ஆனால் குடிக்க இல்லை. தீவுகளுக்கு டீசல் அனுப்பும் அனுமதி அக்கரையில் ஒரே ஒருவரிடம்தான் இருக்கிறது. வேறு யார், குலசிங்கம் முதலாளி. டீசல் பரல் ஒன்றும் இல்லை என்றாராம். அவருடைய கொட்டிலில் பரல்கள் மேலுக்கு மேல் அடுக்கியிருப்பதைச் சில்வெஸ்ரர் தன் கண்ணால் எத்தனை தரம் பார்த்திருக்கிறார்! முகுந்தன் தம்பியைக் கேட்டேன். "மெஷினைத் திருப்பித் தந்தா டீசல் பத்திப் பேசலாம்க்கா" என்றார். மெஷினைக் கொடுத்துவிட்டு டீசலை எங்கே ஊற்றுவது, தலையிலா?

பெட்டிக்குள்ளிருந்து தண்ணீர் வாசல் வரை வழிந்துவிட்டது. நாங்கள் செய்த ஐஸ். துடைத்துத் துடைத்துக் கை மரத்துவிட்டது. வாளியைச் சுவரில் எறிந்தேன். உடைந்துவிட்டது, நல்ல வாளி.

அஸ்லம் நானா சொன்ன நாள் வரப்போகிறது. சில்வெஸ்ரருக்கும் வேலை இல்லை. அடுத்தவன் நினைத்தால் எரிகிற விளக்கு எங்கள் விளக்கு இல்லை என்று இப்போதுதான் மண்டையில் ஏறுகிறது.

ஓகஸ்ட் 5, சனி

சங்கத்து வாசலில் எல்லாரும் தலையில் கைவைத்து இருந்தோம். வெயில் கொளுத்தியது. றெஜினாக்கா முந்தானையால் விசிறிக்கொண்டு சொன்னா.

"இந்த வெயிலுக்கு மட்டும்தான் குலசிங்கத்திட்ட அனுமதி எடுக்கத் தேவையில்லை."

நான் பள்ளிக்கூட மண்டபப் பக்கம் பார்த்தேன். செபமாலை அண்ணை நாற்காலியில் நித்திரை. பின்னால் யன்னலில் மரப்பெட்டிகள் தெரிந்தன.

"அக்கா, உங்கட மருமகன் கிளிநொச்சியில என்ன வேலை?"

"சோலர் பூட்டுற வேலை. ஏன்?"

"சும்மா கேட்டனான்."

றெஜினாக்கா விசிறுவதை நிறுத்திவிட்டா.

ஓகஸ்ட் 9, புதன்

பாதருக்கு நண்டுக்கறி கொண்டுபோய்க் கொடுத்தேன். பதினைந்தாம் திகதி மாதாவின் விண்ணேற்புத் திருநாள், கூடு ஊர்வலம் போகும். வழமையான றோட்டில் குழி விழுந்திருக்கிறது, இந்தமுறை பள்ளிக்கூடப் பக்கமாகப் போனால் கூடு தூக்குகிறவர்களுக்குச் சுகம் என்றேன். மண்டபத்தில் மாதாவைக் கொஞ்ச நேரம் இறக்கி வைத்தால் பிள்ளைகளுக்கும் ஆசீர்வாதம்.

பாதர் கறியைத் திறந்து மணந்தார். மூடினார்.

"பிறத்தியாற்ர சாமான் யூஜினி."

"ஓம் பாதர். பிள்ளையளின்ர மண்டபமும்தான். மூண்டு மாசமா ஆர் கேட்டது?"

பாதர் எழும்பி யன்னலால் பள்ளிக்கூடப் பக்கம் பார்த்தார். பிறகு, "இந்தமுறை எத்தினை மாலை கட்டுவாய்?" என்று கேட்டார்.

"பெட்டிக்கு ஒண்டு பாதர்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

ஓகஸ்ட் 15, செவ்வாய்

ஊர்வலம் பள்ளிக்கூடப் பக்கமாகப் போயிற்று. செபமாலை அண்ணை எழும்பி நின்றார். விசிலை எடுத்து வாயில் வைத்தார், மாதாவைக் கண்டதும் எடுத்துவிட்டு முழங்காலில் இருந்தார். பிறகு தானே மண்டபத் திறப்பை எடுத்துத் திறந்தார். ஒருவரும் அவரைக் கேட்கவில்லை.

பாதர் பெட்டி பெட்டியாகப் போய்த் தீர்த்தம் தெளித்தார். கை உயர உயர அவருக்கே முகம் சிவந்தது. வெட்கமா கோபமா என்று தெரியவில்லை. "இருட்டில் இருந்த மக்கள்" என்று ஆரம்பித்து ஒரு செபம் சொன்னார். வெளியே நின்ற வள்ளக்காரர் எல்லாரும் தொப்பியைக் கழற்றினார்கள். சில்வெஸ்ரர்தான் முதல் பெட்டியில் கை வைத்து, "தூக்குங்கோ" என்றார்.

பொலிஸ் வரலாம். வரட்டும். ஏற்றிக்கொண்டு போக வள்ளம் தேட வேண்டும்.

ஓகஸ்ட் 24, வியாழன்

சங்கத்துக் கூரையிலும் பள்ளிக்கூடக் கூரையிலும் தகடுகள். எல்லாம் பூட்டவில்லை, எங்கள் பெட்டிக்கும் ஆஸ்பத்திரி மருந்துப் பெட்டிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் காணுமானது மட்டும். றெஜினாக்காவின் மருமகனுக்கு முதுகு கறுத்துவிட்டது. நேற்று அஸ்லம் நானாவுக்கு முதல் சாமான் போயிற்று. கொண்டுபோனது சில்வெஸ்ரர், வாடகைக்கு எடுத்த வள்ளத்தில்.

இன்று காலை இரண்டு ஃபோன். முதலில் தூரத்து நாட்டுக் கொம்பனியின் கொழும்பு ஆள். தங்கள் பெட்டிகளை யார் உடைத்தது என்று இங்கிலீசில் கத்தினார். எனக்கு இங்கிலீஷ் விளங்காது என்று தமிழில் சொன்னேன், விளங்கியது என்றாலும். அடுத்தது முகுந்தன் தம்பி.

"அக்கா, என்னக்கா பண்ணி வெச்சிருக்கீங்க? அவங்க தகட்டை மாட்டிட்டீங்களாமே? எங்க மெஷினும் அங்கதான் நிக்குது. மேல என்னைக் கேக்குறாங்க. அந்த ஊர்க்காரங்க உண்மையில யார் பக்கம்னு கேக்குறாங்க. நீங்களே சொல்லுங்கக்கா, நீங்க எந்தப் பக்கம்?"

எவ்வளவு ஆட்கள் வந்தார்கள், எவ்வளவு நண்டு தின்றார்கள், எவ்வளவு படம் எடுத்தார்கள். எங்கள் பக்கம் எது என்று ஒருவர் எங்களையே கேட்டது இதுதான் முதல்தரம்.

"நாங்கள் ஐஸ் பக்கம் தம்பி" என்றேன். "நீங்களும் வாறதெண்டால் வாங்கோ. சாப்பாடு தாறம். ஆனால் இந்தமுறை வரேக்க, எடுத்துக்கொண்டு போற யோசனையோட ஒண்டும் கொண்டுவர வேண்டாம்."

அடுப்பில் நண்டு பொங்கியது. ஃபோனை வைத்துவிட்டுப் போய் மூடியைத் திறந்தேன்.